அவளா, அவாளா

மாட்டுங்கா
6 பிப்ரவரி 2025

அன்புள்ள கரீம் பாய்க்கு,

மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்துத் தாராவிக்குக் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரித்தால் சந்தோஷம்தான். நேற்று சாயங்காலம் நேரிலேயே வந்தேன். சபுரா அம்மா கதவைப் பாதி திறந்து, நீங்கள் பட்டறைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே இருமியது நீங்கள்தான். ரேடியோவில் இத்தனை வருஷம் உங்கள் குரலைக் கேட்டவனுக்கு இருமல் அடையாளம் தெரியாதா என்ன? அந்த அம்மாவைப் பொய் சொல்ல வைத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று சண்டை போடுகிற வயசு எனக்கில்லை என்பதால் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி முடிந்ததிலிருந்து நீங்கள் ரேடியோ செட்டைத் திறக்கவில்லை, ஃபோனை எடுக்கவில்லை. கடலிலிருந்து தூக்கிவந்த அந்தப் பெண் ம்ருண்மயி இன்னும் கண் திறக்கவில்லை என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுகிறார்கள். அவளுடைய அம்மா வராந்தாவில் அந்தப் பெண்ணின் சைக்கிள் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீச்சல் முடிந்து வந்து போட்டுக்கொள்வதற்காக எடுத்து வைத்திருந்த ஷூ. நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

நமது கிளப் செயலாளர் மகேஷ்குமார் தினம் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார். கோராய் கடற்கரையில் ஃபோன் சிக்னல் கிடைக்காது என்பதால்தான் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று ட்ரையத்லான் நடத்துகிறவர்கள் நம் ஹாம் ரேடியோ கிளப்பைக் கூப்பிட்டார்கள். கரையில் கூடாரத்தில் ரேடியோப் பொறுப்பில் நான், மீட்புப் படகில் நீங்கள், படகை ஓட்ட உங்கள் மைத்துனன் ஜமால். எல்லாம் சரியாகத்தானே நடந்தது? அந்தப் பெண் மீன்வலைக் கம்பங்களின் பக்கம் தத்தளித்துக்கொண்டிருந்தபோது படகு மட்டும் ஏன் கரைக்குத் திரும்பியது? இதுதான் கேள்வி. கரீம் பாய் காரணம் இல்லாமல் திருப்பமாட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் என்னவென்று நீங்கள் ஒரு வரி எழுதினால் எனக்குச் சொல்லச் சௌகரியமாக இருக்கும்.

73
அனந்தநாராயணன்


தாராவி
10 பிப்ரவரி 2025

அனந்தநாராயணன் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வெளியே வரவில்லை. இப்போது கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

படகு ஏன் திரும்பியது என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அவள் கரைக்கு வந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னது யார்?

நீச்சல்காரர்களின் எல்லா வரிசையும் போனபிறகு கம்பங்களின் பக்கம் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. பெண்பிள்ளை என்று பார்த்தேன். கையைத் தூக்கினாற்போல இருந்தது. அப்புறம் அலை மேலெழும்பியது, தொப்பியைக் காணோம். சுற்றிப் போய்விட்டதா, முங்கிவிட்டதா என்று தெரியவில்லை. கிளப் அலைவரிசையில் எல்லாரும் சைக்கிள் பஞ்சர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் நாம் தமிழ் பேசுகிற பக்கத்து அலைவரிசையில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஜமாலுக்கு மனசு ஆறவில்லை. "மச்சான், எதுக்கும் இன்னொரு சுத்து சுத்திப் பாத்துருவோம்" என்றான். நான்தான் அதட்டினேன். "அவ கரைக்கு வந்துட்டாளாம்லே, சாமியே சொல்லியாச்சு, திருப்பு" என்றேன்.

சாமி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன். கப்பல் மாலுமி மாதிரி நீங்கள் செட்டில் பேசுவதைக் கேலி செய்வேனே தவிர, உங்கள் வாக்கைச் சந்தேகப்பட்டது இல்லை.

ஜமாலை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சீத்தா கேம்ப்பில் அவன் வீட்டுக்கு அக்கம்பக்கம் யாரும் போவதில்லை. நேற்று வந்து என் எதிரே உட்கார்ந்தான், ஒன்றும் கேட்கவில்லை. என் சொல்லைக் கேட்டுத்தான் திருப்பினேன் என்று விசாரணையிலும் இதுவரை சொல்லவில்லையாம். ஏன் மச்சான் என்று என்னைக் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

73 போட மனசில்லை.

கரீம் பாட்சா


மாட்டுங்கா
14 பிப்ரவரி 2025

அன்புள்ள கரீம் பாய்க்கு,

சாமி என்று எழுதுகிறவர் சார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததுமே கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

அவள் வந்துவிட்டாள் என்று நான் சொல்லவே இல்லை. எந்த அவள்? ஒரு பெண்ணைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லையே. உங்கள் எஞ்சின் இரைச்சலில் பாதிப் பேச்சு எனக்கு வரவில்லை. "மஞ்சத் தொப்பி" என்பது வந்தது. பிறகு கொஞ்சம் கரகரப்பு. பிறகு தெளிவாக, "அவா வந்தாளா?" இவ்வளவுதான். மஞ்சள் தொப்பிக் கூட்டம் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தது. மணலெல்லாம் மஞ்சள் தொப்பி, கைதட்டல், தண்ணீர் பாட்டில். "வந்துட்டா, வந்துட்டா" என்று சொன்னேன். அவர்கள் வந்துவிட்டார்கள் என்று. எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஒருத்தியைச் சொல்வதானால் 'அவ' என்று ஆளைச் சேர்த்துத்தான் சொல்வோம்.

அவா என்று தாராவிக்காரர் கேட்பாரா என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்காக என்னைச் சீண்ட நீங்கள் எங்கள் பேச்சைத்தானே எடுத்துக்கொள்வீர்கள்? அன்று விடிந்ததும் படகில் ஏறினவுடன் என்ன கேட்டீர்கள்? "சாமி, அவாள்லாம் காபி சாப்ட்டாளோ?" கூடாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்திலிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார். அந்தக் காதோடுதான் இதையும் கேட்டேன்.

கரையேறியவர்களை எண்ணுவது என் வேலையில்லை, அதற்குக் காலில் கட்டிய சிப் இருக்கிறது, அதைப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் உங்களுக்குச் சொன்ன பதில் என் வாயிலிருந்து வந்ததுதான். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் தொற்று என்கிறார்கள். டாக்டர்கள் இப்போது அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

73
அனந்தநாராயணன்


தாராவி
19 பிப்ரவரி 2025

சாமிக்கு,

கோபத்தோடு படிக்க ஆரம்பித்து, நடுவில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் கேட்டது 'அவ'. அவ வந்தாளா என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன். உங்கள் காதில் விழுந்தது 'அவா'. நீங்கள் கூட்டத்தைச் சொன்னீர்கள். நான் அந்தப் பிள்ளையைச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கடிதத்தைச் சபுராவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. ஒரு செட்டை அவளிடம் கொடுத்து அடுப்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, பட்டறையில் தோல் வெட்டும் மோட்டாரை ஓட விட்டு, அதன் பக்கத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டேன். மோட்டார் சத்தத்தில் கத்தினால் 'அவ' தானாகவே நீளுகிறது. என் காதுக்கே 'அவா' என்றுதான் கேட்டது. திரும்பி வந்து என்ன கேட்டது என்றேன். "அவ வந்தாளான்னு கேட்டிய. நம்ம பேச்சுல வேற எப்படிக் கேக்கும்?" என்றாள். என் கேலி இல்லாவிட்டால் உங்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

ம்ருண்மயி போய்விட்டாள் என்று திங்கட்கிழமை உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். அன்று இரவே ஜமாலைப் போலீஸ்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். தண்ணீரில் ஆளை விட்டுவிட்டுப் படகைத் திருப்பினான் என்று வழக்கு. அவன் ரேடியோவைத் தொட்டவனில்லை, சுக்கானை மட்டும் பிடித்திருந்தான். நான் போய், திருப்பச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். யார் உனக்குச் சொன்னது என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

மகேஷ்குமார் அன்று இரண்டு அலைவரிசையையும் பதிவு செய்து வைத்திருந்தாராம், அதைக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு வந்து சேர்ந்த அதே துண்டும் துணுக்கும்தான் அதில் இருக்கிறது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. யாரோ ஃபோனில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். "ஆ கயே, ஆ கயே" என்று வந்திருக்கிறது. வந்தாச்சு, வந்தாச்சு. யார் வந்தது என்பது அதில் இல்லை.

நீங்கள் போய் இந்த ஒரு வார்த்தையை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பிழையில் எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. ஜமாலுக்கு ஒன்றுமில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பினால் போதும்.

கரீம் பாட்சா


மாட்டுங்கா
25 பிப்ரவரி 2025

அன்புள்ள கரீம் பாய்க்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு ஒரு சாக்கும் சொல்லமாட்டேன். பயமாக இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் எத்தனையோ பேருடைய விபத்து மனுக்களைக் கிளறிக் கேள்வி கேட்டவன் நான். எதிர்ப்பக்கம் உட்காரவேண்டும் என்றதும் தூக்கம் போய்விட்டது.

என் பையன் வெங்கி புனேயிலிருந்து வந்திருக்கிறான். ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனான். நான் உங்களைச் சந்திக்கக் கூடாது, ஃபோனில் பேசக் கூடாது, வாட்ஸ்அப் கூடவே கூடாது என்கிறார் அவர். போலீஸ் கூப்பிட்டால் மட்டும் போங்கள், நீங்களாகப் போய் நிற்காதீர்கள் என்கிறார். கிளப் விதிப்படி அவசரச் செய்தி எல்லாம் பொது அலைவரிசையில்தான் போகவேண்டும். நாம் தனியாகத் தமிழில் பேசிக்கொண்டது என் அனுமதியோடு நடந்தது, அது என் தலையில்தான் விடியும் என்றார். கடிதம் எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாராவது எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

வெங்கி வெளியே போனபிறகு என் மனைவி வாலாம்பாள், "அந்தப் பொண்ணோட அம்மாக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும், வக்கீல் சொல்ல மாட்டார்" என்றாள்.

போகிறேன் பாய். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்ள விடுங்கள்.

73
அனந்தநாராயணன்


தாராவி
2 மார்ச் 2025

சாமிக்கு,

இன்று தலை நோன்பு. ஜமாலுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. உள்ளே விடியுமுன் சஹருக்குச் சாப்பிட என்ன கொடுத்தார்களோ என்று சபுரா சாப்பிடாமலே நோன்பு வைத்திருக்கிறாள். நீங்கள் தைரியம் சேர்த்துக்கொண்டிருங்கள்.

நான் கோபமாக எழுத உட்காரவில்லை. வேறு ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை என்னை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வேறு அதிகாரி, நிறையப் படித்தவர் மாதிரி இருந்தார். மரியாதையாகப் பேசினார். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, "கோன் ஆயே தே?" என்று கேட்டார். யார் வந்தார்கள் என்று. நான் சிரித்துவிட்டேன். நீச்சல்காரர்கள் சாப், அவர்கள்தான் வந்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடற்கரை, படகு, தனி அலைவரிசை, வந்துவிட்டார்கள் என்று ஒருவன் சொல்ல, உடனே படகு திரும்புகிறது, யார் வந்தார்கள் என்று மறுபடி கேட்டார். நாலைந்து தடவை கேட்டார். கடைசியில் எனக்கே அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டது.

துப்பாக்கியோடு கடல் வழியாக ஆட்கள் வந்த இந்த ஊரில், யார் வந்தார்கள் என்று என்னைப் போன்ற ஒருவனைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நேற்று ஆட்கள் வந்து பட்டறைக் கூரையில் இருக்கும் ஏரியலைப் படம் எடுத்தார்கள். மழை வெள்ளத்தில் பஸ்ஸும் ரயிலும் நின்றபோது இதே ஏரியல் வழியாகத்தான் ஆள் வந்து சேராத வீட்டுக்கெல்லாம் செய்தி கொடுத்தோம், நல்ல வேலை செய்தீர்கள் என்று சர்க்காரிலேயே காகிதம் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். தெருவே நின்று பார்த்தது.

அனந்து சாமி, நீங்கள் ஆபீஸ் மனிதர், இங்கிலீஷில் பேசுவீர்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரீம் பாட்சா


மாட்டுங்கா
8 மார்ச் 2025

அன்புள்ள கரீம் பாய்க்கு,

போய்விட்டு வந்தேன்! வக்கீலையும் கேட்கவில்லை, வெங்கியையும் கேட்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன்.

நீங்கள் சொன்ன அந்த அதிகாரிதான். நான் பயந்தமாதிரி ஒன்றும் இல்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அங்கிள் என்றுதான் கூப்பிட்டார். ஒன்றையும் விடாமல் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னேன். தமிழ் ஒன்றுதான் என்றாலும் வீட்டுக்கு வீடு பேச்சு மாறும், எங்கள் பேச்சு வேறு, கரீம் வீட்டுப் பேச்சு வேறு. கரீம் எங்கள் பேச்சை என்னிடமிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டு வேடிக்கையாகப் பேசுவார், அன்றும் அப்படித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன் என்று சொன்னேன். அவள் வந்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் சொன்னேன், கரீம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார், அதனால்தான் ஜமால் படகைத் திருப்பினான் என்று அழுத்தமாகவே சொன்னேன். மஞ்சள் தொப்பி விஷயத்தையும் சொன்னேன்.

அவருக்கு இதில் எவ்வளவு ஆர்வம் என்கிறீர்கள்! இந்தப் பேச்சைக் கரீம் எத்தனை வருஷமாகக் கற்றார், கிளப்பில் வேறு யாருக்காவது இது புரியுமா, எப்போதெல்லாம் இப்படிப் பேசுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு ஒருவருக்கும் புரியாது, நாங்கள் இருவர் மட்டும்தான் பேசிச் சிரித்துக்கொள்வோம் என்றேன். பக்கத்தில் ஒருவர் மராத்தியில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் கடகடவென்று படித்துக் காட்டினார்கள். என் மராத்தி காய்கறிக் கடையோடு சரி. கேட்டவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். மனசு லேசாக இருக்கிறது. பெருநாளைக்கு ஜமால் வீட்டில் இருப்பான், பாருங்கள்.

73
அனந்தநாராயணன்


தாராவி
15 மார்ச் 2025

சாமிக்கு,

ஜமாலுக்கு வைத்த வக்கீல் உங்கள் வாக்குமூலத்தின் நகலை வாங்கி, எனக்கு ஹிந்தியில் சொன்னார். நீங்கள் நல்லது நினைத்துத்தான் போனீர்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் மற்றது.

அதில் இப்படி இருக்கிறது. கரீம் பாட்சாவும் நானும் வேறு யாருக்கும் புரியாத ஒரு பேச்சுமுறையை எங்களுக்குள் வைத்திருந்தோம். கரீம் பாட்சா அதைப் பல வருஷம் பழகிக் கற்றுக்கொண்டார். தனி அலைவரிசையில் அதையே பேசுவோம். சம்பவத்தன்று நான் தெரிவித்த செய்தி பெண்ணைப் பற்றியது அல்ல, வந்து சேர்ந்த சிலரைப் பற்றியது. இதில் எந்த வரி நீங்கள் சொல்லாதது என்று எடுத்துக் காட்டமுடியுமா? மஞ்சள் தொப்பி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். முதல் பக்கத்தைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள்.

'அவள்' என்று சொல்லியிருந்தால் ஒரு தப்பான தகவல், ஒரு சாவு, அதோடு நின்றிருக்கும். நீங்கள் 'அவர்கள்'தான் என்று கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது என்னிடம் அவர்களுடைய பெயரைக் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் பெயரை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்?

செட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், என் ஃபோனையும் உஸாமாவின் ஃபோனையும் சேர்த்து. உஸாமாவைக் கல்லூரி வாசலில் வைத்து விசாரித்திருக்கிறார்கள். வாப்பா, நீங்க ரேடியோவுல யார்ட்டப் பேசுதிய என்று என் மகன் என்னிடம் கேட்கிறான். சந்தேகமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜமாலைப் பார்க்கப் போனேன். இப்போது அவனை யாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பதே இல்லையாம். ம்ருண்மயி என்ற பெயரையே யாரும் எடுப்பதில்லை. அவள் ஏன் செத்தாள் என்று இனி அவள் அம்மாவுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

உங்களை மறுபடி கூப்பிடவில்லை, இல்லையா? கூப்பிட மாட்டார்கள்.

கரீம் பாட்சா


மாட்டுங்கா
26 மார்ச் 2025

அன்புள்ள கரீம் பாட்சா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைச் சபுரா அம்மாவிடம் கொடுக்கிறேன். உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் சேர்ப்பார்கள். அதற்குமுன் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஓடினேன். வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்றேன். நான் சொன்னதுதானே எழுதியிருக்கிறது என்றார் அதிகாரி. ஆமாம், ஆனால் அர்த்தம் வேறு என்றேன். நீங்கள் நல்ல மனிதர் அங்கிள், உங்களை அவர்கள் உபயோகப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றார். தனி அலைவரிசையில் பேசியது நானும்தானே, என் பெயரையும் சேருங்கள் என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரு அதிகாரியின் முன்னால் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ப்ரஷர் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்கு அனுப்பி என்னை வீட்டில் விட்டார்கள்.

மறுநாள் உங்களைக் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது.

நேற்று அதே கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து ஒரு காகித உறையைக் கொடுத்தார். நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள். உங்கள் வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதிகாரி ஃபோனில் பேசினார். தமிழ் தெரிந்த, நம்பிக்கையான ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது அங்கிள், நீங்களே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். என் கடிதத்தை நானே மொழிபெயர்க்க வேண்டும். 'அவா' வருகிற இடமெல்லாம் கோடு போட்டிருக்கிறது. அடியில் நான் போட்ட ஒவ்வொரு 73-ஐயும் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள். அது ஹாம்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லிக்கொள்கிற வாழ்த்து என்று சொல்ல வாயெடுத்தேன். நான் விளக்கியது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று அந்த எண்ணைப் போடப் போவதில்லை.

மொழிபெயர்க்க மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று வெங்கி கேட்கிறான். என்ன ஆகும்? உங்களைக் கொண்டுபோனமாதிரி என்னைக் கொண்டுபோக மாட்டார்கள், அதுதான் ஆகும். என் பேச்சைத்தான் பேசினீர்கள் பாய். அதை நான் பேசினால் வீட்டுத் தமிழ், நீங்கள் பேசினால் ரகசியம். இந்த அவமானத்தோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாலாம்பாளை அழைத்துக்கொண்டு ம்ருண்மயியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என் மராத்தி இதற்குப் போதாது. ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன். ஹிந்தியில் இது எப்படியும் வரவில்லை. அவர் கடைசியில் ஒன்று கேட்டார். என் பெண் கையைத் தூக்கியதைப் படகில் இருந்தவர் பார்த்தாரா, அவளைத் தேடினாரா என்று கேட்டார். பார்த்தார், தேடினார், என்னைக் கேட்டார் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதே கேள்வியை நீதிமன்றத்திலும் வந்து கேட்பாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாலாம்பாள் கேட்டாள். வருகிறேன் என்று தலையசைத்திருக்கிறார்.

அதுவரை நான் எழுதிக் கொடுக்கப்போவது இவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பேச்சும் இல்லாமல் உங்கள் வீட்டுப் பேச்சும் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் குழப்பம் வராத தமிழில் எழுதியிருக்கிறேன். இதை எந்த மொழிக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

அவள் வந்துவிட்டாளா என்று கரீம் பாட்சா கேட்டார். அவர்கள் வந்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அவள் வரவில்லை.

அனந்தநாராயணன்